ஜெயிக்கும்போது அணையும் கம்ப்யூட்டர்

சான்ட்ராவின் கம்ப்யூட்டர் அவள் ஜெயிக்கும்போது மட்டும் அணைந்தது.

தோற்கும்போது அணையவில்லை. தனியாக விளையாடும்போது அணையவில்லை. தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து வினாத்தாளை டைப் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் அது பாட்டுக்கு ஓடியது. அண்ணன் டேவிட்சனோடு மோதி அவனை முந்திக்கொண்டிருக்கும்போது மட்டும் திரை சட்டென்று கறுத்து, கம்ப்யூட்டர் தானாக மறுபடி முதலிலிருந்து கிளம்பும். கரண்ட் போயிருக்காது. ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும். அந்த டி.வி.யில் மாட்டியிருந்த டேவிட்சனின் கேம் கன்சோலுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

யார் ஜெயிக்கிறார்கள் என்று ஒரு பெட்டிக்கு எப்படித் தெரியும்?

அவள் பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள். உள்ளே சூடு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறவில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டினாள். கும்பகோணத்துக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் கடைக்காரர் பகல் முழுக்க அதில் கேமை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லீங்க மேடம், தங்கமா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அண்ணனோடு உட்கார்ந்தாள். பாதி ஆட்டத்தில், அவள் முன்னால் இருக்கும்போது, அணைந்தது.

"கம்ப்யூட்டருக்கே வெக்கமா இருக்கு போல, உன்கூட உக்கார" என்றான் டேவிட்சன் ஹாலிலிருந்து.

டேவிட்சன் கத்தாரிலிருந்து இரண்டு மாத லீவில் வந்திருந்தான். வரும்போது கன்சோலைக் கொண்டுவந்தான். திருவிடைமருதூருக்கு வெளியே, வயலை ஒட்டி இருந்த அவர்கள் வீட்டுக்குச் சித்தப்பா, மாமா பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்க்க வந்தார்கள். சோபாவில் சாய்ந்துகொண்டு, கன்ட்ரோலர் என்னும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெரிய திரையில் சுடுவது எல்லோருக்கும் பிடித்திருந்தது. சான்ட்ராவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவளுக்கு அவள் அறையில், தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர்தான். அந்த வீட்டில் அவள் கேட்காமல் யாரும் தொடக் கூடாத பொருள் அது ஒன்றுதான்.

டேவிட்சனின் துப்பாக்கி கேமில் கன்சோலில் விளையாடுகிறவரும் கம்ப்யூட்டரில் விளையாடுகிறவரும் ஒரே ஆட்டத்தில் சேரலாம். வந்த முதல் வாரம், மாமா பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் அறையிலிருந்தபடி அவனோடு சேர்ந்தாள். அவன் அவளை ஒருமுறை சுடுவதற்குள் அவள் அவனை ஏழு முறை சுட்டாள்.

அதில் மந்திரம் ஏதுமில்லை. கன்சோலின் கைப்பிடியில் கட்டைவிரலால் சாய்க்கும் குச்சி ஒன்று இருக்கிறது. அது வேகத்தைச் சொல்லும் கருவி. கொஞ்சம் சாய்த்தால் பார்வை மெதுவாகத் திரும்பும், நிறையச் சாய்த்தால் வேகமாகத் திரும்பும். எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் விடும் நேரம்தான் தீர்மானிக்கும். மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல. எவ்வளவு திறந்தோம் என்பது வேகம், எவ்வளவு பாய்ந்தது என்பது எப்போது அடைத்தோம் என்பதில் இருக்கிறது. கொஞ்சம் தாமதித்தால் கூடுதலாகப் பாய்ந்துவிடும். மவுஸ் அப்படியில்லை. அது இடத்தைச் சொல்லும் கருவி. கை இவ்வளவு நகர்ந்தால் பார்வை இவ்வளவு திரும்பும், கை நின்றால் பார்வை நிற்கும். குடத்தால் மொண்டு ஊற்றுவதுபோல, அளவு கையிலேயே இருக்கிறது. குச்சியின் குறையை ஈடுகட்ட, எதிரி அருகில் குறி வந்தால் கன்சோல்காரருக்குக் கேமே கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் கொடுக்கும்.

இதை அவள் எல்லோர் முன்னாலும் விளக்கினாள். விளக்கியதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சின்னப் புள்ளைங்க சைக்கிள்ல பின்னாடி ரெண்டு குட்டிச் சக்கரம் மாட்டுவாங்கல்ல? அந்த மாதிரி. அண்ணனுக்கு அதையும் மாட்டிவிட்டும் கீழ விழுறாரு."

மாமா பிள்ளைகள் சிரித்தார்கள். டேவிட்சன் சிரிக்கவில்லை. அம்மா பாத்திமா மேரியும் சிரிக்கவில்லை.

"பொம்பளப் புள்ள ரூமுக்குள்ள உக்காந்துகிட்டு துப்பாக்கி சுடுறா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல வந்து பொண்ணுக்கு என்ன தெரியும்னு கேட்டா, நல்லா குறி பாப்பானு சொல்லவா?" என்றாள் அம்மா.

அன்றைக்குத்தான் டேவிட்சன் பந்தயம் போட்டான். மூன்று ஆட்டம். யார் முதலில் மற்றவரை இருபது முறை சுட்டு வீழ்த்துகிறாரோ அவருக்கு அந்த ஆட்டம். இரண்டு ஆட்டம் தோற்றவருடைய மெஷினைக் கும்பகோணத்தில் பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்கும் ஐயாவு எடுத்துப் போவார். ஒரே ஒரு நிபந்தனை: நடுவில் மெஷின் நின்றால் நின்றவருக்குத் தோல்வி.

"மெஷின் நிக்கிறது மெஷின் தப்புடீ. கன்சோல் எப்பவாவது நிக்குதா? அதான் வித்தியாசம்" என்றான்.

அப்பா சிங்கராயர், "சரியாத்தானே சொல்றான்" என்றார். சான்ட்ராவும் ஒத்துக்கொண்டாள். அவள் கம்ப்யூட்டர் அதுவரை ஒருநாளும் நின்றதில்லை.

முதல் ஆட்டத்தில் அவள் பதினாறு, அவன் ஐந்து. கம்ப்யூட்டர் அணைந்தது. தோல்வி. சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று கெஞ்சி, கடைக்குக் கொண்டுபோய் வந்தாள். இடையில் மூன்று முறை பழக்கத்துக்காக விளையாடினார்கள், மூன்று முறையும் அவள் முந்தியதும் அணைந்தது. அதனால் அவள் இரண்டாவது ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைக்குத் தள்ளிப்போட்டாள். அதில் தோற்றால் கம்ப்யூட்டர் போய்விடும். டேவிட்சன் அன்றைக்கே ஐயாவுவை வரச் சொல்லிவிட்டான். "பெட்டியோட வயரெல்லாம் எடுத்து வச்சிடு. அவர் வந்து காத்துக்கிட்டு நிக்கக் கூடாது பாரு" என்றான்.

சனிக்கிழமை காலை அப்பா வயலிலிருந்து கத்திக்கொண்டே வந்தார்.

சம்பா அறுப்புக்குத் தயாராக நின்றது. திங்கட்கிழமைக்கு அறுப்பு மிஷின் சொல்லியிருந்தது. அறுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே தண்ணீரை வடித்து வயலைக் காயப் போட வேண்டும். ஈரம் இருந்தால் டயர் வண்டி இறங்காது, இறங்கினால் புதையும். அப்பா வடித்துவிட்டார். ஆற்றிலும் தண்ணீர் நின்றாகிவிட்டது. ஆனால் போர்க்கிணறு இருக்கும் பக்கத்து வயல் காயவே இல்லை. காய்வதுபோல இருக்கும், மறுநாள் பார்த்தால் கால் புதையும்.

அப்பா கையோடு வீரையனையும் வரப்புக்குக் கூப்பிட்டிருந்தார். வீரையன் அப்பாவின் நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்குச் செய்கிறவர். அவர் நட்டது தாமதம். கதிர் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் மணி நிறையாது, வெறும் உமிதான் மிஞ்சும். அப்பாவின் போரிலிருந்து முறை வைத்து அவருக்குத் தண்ணீர் விடுவார்கள். அதற்காக மோட்டார் கொட்டகைச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது.

"என் மோட்டாரப் போட்டு முறை இல்லாத நேரத்துல தண்ணி திருடுற. திருடுறதையாவது ஒழுங்கா திருடுறியா? மடைய அடைக்காம என் வயல்ல விட்டுட்டுப் போற" என்றார் அப்பா. அவர் குரல் வீட்டுக் கொல்லை வரை கேட்டது. டேவிட்சனும் சான்ட்ராவும் வரப்புக்குப் போனார்கள்.

"நான் போடல ஐயா. சத்தியமா சொல்றேன். அது சாயங்காலம் தானா ஓடுது. மாட்டப் பிடிச்சுக்கிட்டு வரையில நானே பாத்தேன், கொட்டகை பூட்டிக் கிடக்கு, தண்ணி கொட்டுது. ரெண்டு நாள் பாத்தேன். நானா ஓடி வந்து மடைய அடைச்சேன் ஐயா."

"தானா ஓடுதா? பேய் வந்து போடுதா?"

"செல்லுல போடலாம்னு சின்னய்யாதானே மெஷின் மாட்டினாரு…"

அது உண்மைதான். போன லீவில் டேவிட்சன் மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தான். சிறிய பெட்டி, உள்ளே ஒரு சிம் கார்டு. பதிவு செய்த போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டால் மோட்டார் கிளம்பும், மறுபடி கூப்பிட்டால் நிற்கும். இரவில் வயலுக்கு நடக்க வேண்டாம். அப்பாவின் போனும் டேவிட்சனின் போனும்தான் பதிவாகியிருந்தன.

"அப்ப நான் போட்டேங்கிறியா? இல்ல என் மவன் போட்டானா?" அப்பா திரும்பினார். "ஏம்ப்பா, நீ போட்டியா?"

"நான் எதுக்குப்பா போடப் போறேன்? சாயங்காலம் நான் வீட்ல இவகூட கேம்ல உக்காந்திருக்கேன். இவளையே கேளுங்க" என்றான் டேவிட்சன்.

அப்பா சான்ட்ராவைப் பார்த்தார். வீரையனும் பார்த்தார்.

சாயங்காலம் என்ற சொல் அவளுக்குள் எங்கோ போய் மாட்டியது. மோட்டார் தானாக ஓடியது சாயங்காலம். அவர்கள் விளையாடியது சாயங்காலம்.

யார் ஜெயிக்கிறார்கள் என்று பெட்டிக்குத் தெரியாது. கரண்டுக்கும் தெரியாது. அந்த வீட்டில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தி அவள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கம்ப்யூட்டர் அணைந்ததெல்லாம் அவள் அவனைச் சுட்டு வீழ்த்திய சில விநாடிகளில். கேமில் செத்தவர் மறுபடி எழும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய கை சும்மா இருக்கும். போனை எடுக்கலாம்.

"ஆமாப்பா. அண்ணன் கேம்லதான் இருந்தாரு" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சந்தேகத்தைச் சொன்னால் டேவிட்சன் இல்லையென்பான். அப்பா அவனைத்தான் நம்புவார். ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் வேறு ஏதாவது கண்டுபிடிப்பான். அன்றைக்கும் அவன் அதே போனை எடுப்பதுதான் அவளுக்கு வேண்டும்.

அப்பா கையை நீட்டினார். வீரையன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"இனி உன் வயலுக்கு ஒரு சொட்டு கிடையாது."

"ஐயா, பால் பிடிக்கிற நேரம் ஐயா. இந்த ஒரு தண்ணி மட்டும்…"

"போடா."

வீரையன் டேவிட்சனைப் பார்த்துக் கும்பிட்டார். டேவிட்சன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அப்பாவும் அம்மாவும் கோயிலில் அன்பிய ஜெபக் கூட்டத்துக்குப் போனார்கள். டேவிட்சன் நண்பர்களோடு கும்பகோணம் போயிருந்தான். அப்பாவின் போன் சார்ஜில் கிடந்தது. சான்ட்ரா கேமை ஓடவிட்டு, வெடிப்பும் புகையும் நிறைந்த இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, அந்தப் போனிலிருந்து மோட்டாரைக் கூப்பிட்டாள்.

ஒரு முறை மணி அடித்தது. மேலே ஃபேன் லேசாக மூச்சு வாங்கியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

அவளுக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்தச் சனியனும் அழகாகத்தான் இருக்கிறது.

மோட்டார் கிளம்பும் முதல் ஓரிரு விநாடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். நிற்கிற வண்டியைத் தள்ளிக் கிளப்புவதுதான் கஷ்டம், உருண்டுவிட்டால் ஒரு கை போதும் என்பதுபோல. அவர்கள் வீடும் போரும் ஒரே கம்பியின் கடைசியில் இருந்தன. மாலையில் எப்படியும் வோல்டேஜ் குறைவு. மோட்டார் அந்த இழுப்பு இழுத்ததும் வீட்டுக்கு வரும் வோல்டேஜ் ஒரு கணம் குழியில் விழும். எல்.இ.டி. பல்பு அதைக் காட்டிக்கொடுக்காது, ஃபேன்தான் காட்டும்; போன லீவில் ஸ்டார்ட்டரைப் போட்டுப் பார்த்தபோது டேவிட்சன் அதைக் கவனித்திருப்பான். கன்சோலின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தது, அதற்கு அந்தக் குழி ஒரு பொருட்டில்லை. அவள் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் 200 முதல் 240. டைப் அடிக்கும்போது அது கொஞ்சமாகத்தான் கரண்ட் தின்னும், உள்ளே சேர்ந்திருப்பதை வைத்து அந்தக் கணத்தைத் தாண்டிவிடும். கேமில் இருக்கும்போது பசி அதிகம், தாண்டாது. அப்பா மோட்டார் போடுவது காலையில், அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் நேரம். கும்பகோணத்துக் கடையில் மோட்டாரே இல்லை.

ஆனால் கம்ப்யூட்டர் இன்வெர்ட்டர் லைனில்தானே இருக்கிறது? பேட்டரி ஏன் கைகொடுக்கவில்லை? அவள் ஹால் மூலையில் இருந்த இன்வெர்ட்டரைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலை விட்டு ஒன்று செய்தாள்.

கேமை மறுபடி ஓடவிட்டு, மோட்டாரை ஒரு அழைப்பில் நிறுத்தி, மறு அழைப்பில் கிளப்பினாள். இன்வெர்ட்டர் 'டக்' என்றது. கம்ப்யூட்டர் அசையவில்லை. உறுதிக்காக இன்னும் இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். மோட்டாரை நிறுத்தினாள். போனில் கூப்பிட்ட தடத்தை அழித்துவிட்டு மறுபடி சார்ஜில் வைத்தாள். அதற்குள் இருட்டிவிட்டது. அந்த நேரமெல்லாம் தண்ணீர் எங்கே பாய்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐயாவு கோணிப்பையும் கயிறுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். மாமா பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

"டைப்பிஸ்ட் அம்மா ரெடியா?" என்றான் டேவிட்சன்.

"ரெடிண்ணே. நீங்க குட்டிச் சக்கரம் மாட்டிட்டீங்களா?"

"கடைசியா ஒரு தடவ கட்டிப் பிடிச்சுக்கடீ அந்தப் பெட்டிய. ஐயாவு அண்ணன் ஆட்டுக்குட்டி மாதிரி கட்டித் தூக்கிட்டுப் போவாரு."

அறைக் கதவு திறந்தே இருந்தது. சான்ட்ராவுக்கு அவனுடைய தோளும் தொடையும் தெரிந்தன. தொடைக்கு அடியில் போன்.

அவள் சுட்டாள். ஐந்து, ஆறு. பத்துக்கு வந்ததும் அவனுடைய இடது கை கைப்பிடியை விட்டுத் தொடைக்கு அடியில் போனது. ஹால் மூலையில் 'டக்' என்றது. ஃபேன்கூட மூச்சு வாங்கவில்லை. அவள் பதினொன்றாவது முறை சுட்டாள்.

அவன் திரும்பி அறையைப் பார்த்தான். திரை வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது.

"என்னண்ணே? மெஷினையே பாருங்க, மெஷின் நிக்கப் போவுது" என்றாள்.

அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடி. ஒரு அழைப்பில் மோட்டார் கிளம்பும், மறு அழைப்பில் நிற்கும். எத்தனையாவது அழைப்பு என்று அவனுக்கே தெரியாமல் போனது. அவள் அவசரப்படவில்லை. பத்தொன்பதுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டு, அவன் எதிரே வரும்போதெல்லாம் சுடாமல் சுற்றிச் சுற்றி ஓடினாள். அவன் குச்சியைச் சாய்த்துச் சாய்த்து அவளைத் தேடினான். குறி அவளைத் தாண்டிப் போனது, திரும்பி வரும்போதும் தாண்டிப் போனது. மாமா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அண்ணே, அங்க இல்ல, பின்னாடி! பின்னாடி!" என்று கத்தினார்கள். அவன் கழுத்து சிவந்தது. அவன் அழும் நிலைக்கு வந்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் அவள் இருபதாவது முறை சுட்டாள்.

மூன்றாவது ஆட்டத்தை உடனே ஆட வேண்டும் என்றாள். அவன் தலை வலிக்கிறது என்றான். "நடுவுல நின்னா நின்னவருக்குத் தோல்வின்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க? மெஷினுக்கு மட்டுமா?" என்றாள். ஆடினான். அவள் இருபது, அவன் ஒன்று.

ஐயாவு கன்சோலைத்தான் கோணியில் சுற்றிக் கட்டினார். அம்மா, "அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்ததுடீ, விட்டுக்குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்றாள். சான்ட்ரா அந்தக் கைப்பிடியையும் தேடி எடுத்துவந்து கோணிக்குள் போட்டாள்.

போன் டேவிட்சனின் தொடைக்கு அடியிலேயே கிடந்தது. கடைசி அழைப்பில் மோட்டார் நின்றதா கிளம்பியதா என்று அவன் பார்க்கவில்லை. சான்ட்ராவும் பார்க்கச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அறுப்பு மிஷின் வயலில் இறங்கியது. போர் பக்கத்து வயலில் நாலு முழம் போனதும் முன் டயர் புதைந்தது. டிரைவர் முறுக்க முறுக்க ஆழமாகப் போனது. ராத்திரி முழுக்க ஓடிய தண்ணீர் கதிரைப் பாதி சாய்த்திருந்தது. சாய்ந்த கதிர் சேற்றில் கிடந்தது.

அப்பா நேராக வீரையனின் வீட்டுக்குப் போய் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தார்.

"சாவிய வாங்கினதும் கள்ளச்சாவி போட்டுட்ட, இல்ல? கோவத்துல என் வயல முக்கிட்ட."

"ஐயா, என் புள்ளைங்க மேல சத்தியம் ஐயா. நான் இந்தப் பக்கமே வரல."

"குத்தகையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இன்னிக்கே உன் வயல விட்டு வெளிய போ. நிக்கிற பயிர மாட்ட விட்டு மேய விடு. அதுக்குத்தான் ஆகும்."

வீரையன் அப்பாவின் காலில் விழுந்தார். அப்பா காலை இழுத்துக்கொண்டார். வரப்புக்கு அந்தப் பக்கம் வீரையனின் வயல் தண்ணீரில்லாமல் வெளிறி நின்றது. இந்தப் பக்கம் சான்ட்ராவும் டேவிட்சனும் நின்றார்கள். வீரையன் எழுந்து அவர்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். இரண்டு பேரும் புதைந்த டயரைப் பார்த்தார்கள். டேவிட்சன் உண்மையைச் சொன்னால் அவன் மாட்டுவான். அவள் சொன்னால் சனிக்கிழமையே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள், அவள் போட்டுப் பார்த்த தண்ணீரும் அதில் சேரும்.

வீரையன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து போனார்.

அவர் வாய்க்காலைத் தாண்டும் வரை டேவிட்சன் காத்திருந்தான். பிறகு அவள் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"எப்படிடீ பண்ண?"

"இன்வெர்ட்டருக்குப் பின்னாடி சின்னதா ஒரு சுவிட்ச் இருக்குண்ணே. ஒரு பக்கம் 'நார்மல்', ஒரு பக்கம் 'யூ.பி.எஸ்.'. நார்மல்ல இருந்தா, வோல்டேஜ் நூறு வரைக்கும் கீழ விழுந்தாலும் அப்படியே உள்ள விட்டுடும், ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது போதும்னு. யூ.பி.எஸ்.ல போட்டா, நூத்தி எண்பதுக்குக் கீழ போன உடனே கண் இமைக்கிறதுக்குள்ள பேட்டரிக்கு மாத்திடும், கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. நம்ம வீட்டுது வாங்கினதுலேந்து நார்மல்ல இருந்துச்சு. நான் யூ.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டேன். அவ்வளவுதான்."